ஷிஃப்ட் முடிந்ததும் எழுத்து வேலை: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிலாளர்கள் ஆன்லைனில் எழுதிச் சம்பாதிக்க முடியுமா?

'பார்ட் டைம் டைப்பிங் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். வாரா வாரம் பேமென்ட்.' இந்த மாதிரி மெசேஜ் வராத போன் இன்று அபூர்வம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் இளைஞர்களுக்கும் அது வருகிறது.

அதில் பெரும்பாலானவை மோசடி. ஆனால் ஆன்லைனில் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கும் வேலை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. வெளியே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல்.

இந்தப் பகுதியில் ஏன் இந்தக் கேள்வி?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998ல் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. டைம்லர், ராயல் என்ஃபீல்டு, சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று பட்டியல் நீள்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட ஒரு குடியிருப்பு வளாகம் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. அந்த அளவுக்கு இளைஞர்கள் குவியும் இடம் இது.

ஆனால் கேட் மூடிய கதையும் இங்கே உண்டு. 2006ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, ஒரு காலத்தில் உலகின் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்றாக இருந்தது. 2014 நவம்பர் 1ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அதில் பெரும்பகுதி இருபதுகளில் இருந்த இளைஞர்கள், பெண்கள். பக்கத்தில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடும் அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. அடுத்த வருடம் உற்பத்தி முடிந்தது.

ஆலை ஓடிக்கொண்டிருந்தாலும், ட்ரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட் என்று உள்ளே வருபவர்களுக்குக் காலம் முடிந்ததும் 'ரிலீவ்' என்ற வார்த்தை காத்திருக்கிறது. கையில் இன்னொரு தொழில் இருந்தால் நல்லது என்று இவர்கள் தேடுவதில் ஆச்சரியம் இல்லை. அப்படித் தேடுபவர்களைக் குறிவைத்துத்தான் அந்த மெசேஜ்களும் வருகின்றன.

போலியை எப்படி அடையாளம் காண்பது?

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. எழுதுகிறவருக்குத்தான் காசு வர வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், சாஃப்ட்வேர் கட்டணம், செக்யூரிட்டி டெபாசிட், 'திருப்பித் தரும் தொகை' என்று எந்தப் பெயரில் முதலில் காசு கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

காசே கேட்காத வகையும் உண்டு, அது இன்னும் மோசம். வேலைக்குச் சேருபவரிடம் ஆதார் நகலும், ஆன்லைனில் கையெழுத்திட்ட 'அக்ரிமென்ட்'டும் வாங்கிக்கொள்வார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரு வாரத்துக்குள் டைப் செய்து தரச் சொல்வார்கள். முடித்துக் கொடுத்தால், 'பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கட்ட வேண்டும்' என்று பதில் வரும். அடுத்து வக்கீல் பெயரில் நோட்டீஸ், போலீஸ் பெயரில் போன். பயந்து போய் பணம் கட்டுபவர்கள்தான் இந்தத் தொழிலின் வருமானம்.

இங்கே ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல. ஏமாற்றி வாங்கிய சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாமல், சாட், ஸ்கிரீன்ஷாட், அக்ரிமென்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பணம் ஏற்கனவே போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன்னால் முடக்க அதுதான் வழி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பிடிஎஃப் பக்கத்தைப் பார்த்து அப்படியே டைப் அடிக்கும் வேலையை இன்று கம்ப்யூட்டரே சில நொடியில் செய்துவிடுகிறது. அதற்கு ஆள் தேடி, மாதம் பல ஆயிரம் கொடுக்க யாருக்கு என்ன தேவை?

அப்போ உண்மையான வேலை எது?

தமிழில் இன்று அதிகம் எழுத்து தேவைப்படும் இடங்களில் ஒன்று யூடியூப். வரலாறு, பைக் ரிவ்யூ, சமையல், க்ரைம் கதை என எந்தச் சேனலாக இருந்தாலும் யாராவது ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அடுத்தது மொழிபெயர்ப்பு: ஆப்களின் தமிழ் வடிவம், சப்டைட்டில், பயிற்சி வீடியோக்கள். மூன்றாவது, கம்பெனிகளின் இணையதளங்களுக்கான கட்டுரைகள். இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்கப்படும்.

கதை எழுதுபவர்களுக்கு வேறு பாதை. 2014ல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி தளத்தில் தமிழ்த் தொடர்கதைகளுக்குப் பெரிய வாசகர் வட்டம் உண்டு. சந்தா மூலம் எழுத்தாளருக்குப் பங்கு வருகிறது. அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலை யார் வேண்டுமானாலும் தாங்களே வெளியிடலாம். விலையில் 35 அல்லது 70 சதவிகிதம் ராயல்டி. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியாவில் 70 சதவிகிதம் வேண்டுமென்றால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த 90 நாள் காலத்தில் அதே கதை மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் ஓடிக்கொண்டிருக்கும் தொடரை அப்படியே கிண்டில் செலக்ட்டில் போட்டால் விதிமீறல் ஆகிவிடும்.

சொந்தமாக வலைப்பதிவு எழுதி விளம்பர வருமானம் பார்ப்பதும் ஒரு வழி. கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு 2018 பிப்ரவரியில் வந்தது. குறைந்தது 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். புது வலைப்பதிவுக்கு அந்த 100 டாலர் சேரவே நீண்ட நாள் ஆகலாம்.

ஏஐ வந்த பிறகும் இந்த வேலை இருக்கிறதா?

பாதி இருக்கிறது, பாதி போய்விட்டது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் தேதி வெளியானது. அதற்குப் பிந்தைய சில மாதங்களில் அப்வொர்க் தளத்தில் இருந்த எழுத்துப் பணியாளர்களை அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். மாதாந்திர வேலைகளின் எண்ணிக்கை 2 சதவிகிதமும், வருமானம் 5 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகவும் குறைந்திருந்தது. அது ஆரம்ப நிலவரம் மட்டுமே. 'தலைமுடி உதிர்வதைத் தடுக்க 10 வழிகள்' போன்ற பொதுவான கட்டுரையை எழுதிப் பிழைப்பது இனி கஷ்டம்.

அதே 2022 டிசம்பரில் கூகுள் இன்னொரு மாற்றம் செய்தது. தேடல் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான வழிகாட்டியில் 'அனுபவம்' என்ற அளவுகோலைச் சேர்த்தது. எழுதியவர் அந்த விஷயத்தை நேரில் செய்து பார்த்தவரா என்ற கேள்வி அது.

ஒரகடத்து இளைஞருக்கு இருக்கும் பலம் இங்கேதான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ, டிப்ளமோ படித்து, நான்கு வருடம் லைனில் நின்றவர் தன்னை 'எழுத்தாளர்' என்று நினைத்துக்கொள்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுபவருக்குத் தெரியாது. வெல்டிங் பொறி எங்கே தெறிக்கும், டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்ற பிறகும் புதுப் பையன் ஏன் இன்னொரு முறை இழுப்பான், நைட் ஷிஃப்ட்டில் விடியற்காலையில் என்ன மாதிரி தப்பு நடக்கும் என்பதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தவை.

ஒரு உதாரணம். மெஷினைப் பழுதுபார்ப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் நடைமுறைக்கு ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் 'பராமரிப்புக்கு முன்னர் உபகரணத்தின் ஆற்றல் மூலங்களைத் தனிமைப்படுத்தவும்' என்று வரும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் லைனில் நிற்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று புரியாது. அதையே, 'மெஷினைத் தொடும் முன் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்யவும். பூட்டுப் போடவும். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும்' என்று எழுதினால் ஒரு கை தப்பும். இப்படி எழுத மெஷின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

இது வெறும் நல்லெண்ண வேலை இல்லை. சட்டப்படி ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள், ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆவது பிரிவு சொன்னது. பயிற்சிக் கையேடு, வேலைமுறைத் தாள், பாதுகாப்பு வீடியோவுக்கான குரல் ஸ்கிரிப்ட், ஐடிஐ மாணவர்களுக்கான யூடியூப் பாடம், செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குபவருக்கான கட்டுரை என்று இந்த அறிவு காசாகும் இடங்கள் பல. இங்கே வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்களோடு பழகி இந்தி பேசக் கற்றுக்கொண்டவருக்கு இன்னொரு கதவும் திறக்கும்.

ஒரு எச்சரிக்கை. வேலை செய்யும் கம்பெனியின் டிராயிங், வேலைமுறைத் தாள், உற்பத்தி எண்ணிக்கை, உள்ளே எடுத்த போட்டோ எதுவும் எழுத்தில் வரக் கூடாது. பல ஆலைகளில் உள்ளே போகும்போதே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவது சும்மா இல்லை. பொதுவான தொழில் அறிவு தொழிலாளியுடையது. கம்பெனியின் ரகசியம் கம்பெனியுடையது. சந்தேகம் வந்தால் எழுதாமல் விடுவதே நல்லது.

வேலையில் இருந்துகொண்டே எழுதலாமா?

ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்யத்தான் தொழிற்சாலைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு தடை போட்டது. ரூமில் உட்கார்ந்து கதை எழுதுவதற்கு அது பொருந்தாது. ஆனால் ஆஃபர் லெட்டரிலோ, கம்பெனி நிலையாணையிலோ 'வேறு வேலை செய்யக் கூடாது' என்ற வரி இருக்கலாம். 2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கிவிட்டதாக விப்ரோ அறிவித்தது நினைவிருக்கலாம். அது ஐடி துறைதான் என்றாலும், கையெழுத்துப் போட்ட பேப்பரை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

அதெல்லாம் சரி, காசு எவ்வளவு வரும்?

இதில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. மாதம் 18,000 ரூபாய் சம்பளம், 26 நாள், தினம் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 86 ரூபாய். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. அப்படியானால் மணிக்கு 170 ரூபாய்க்கு மேல்.

புதிதாக எழுத வருபவருக்கு வார்த்தைக்கு 50 காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 வார்த்தைக்கு 500 ரூபாய். தகவல் திரட்டி, எழுதி, இரண்டு முறை திருத்த 5 மணி நேரம் ஆனால் மணிக்கு 100 ரூபாய்தான். ஓவர்டைமே லாபம்! இந்த மாதச் செலவுக்கு உடனடிப் பணம் தேவை என்றால் எழுத்து அதற்கான இடம் இல்லை. வேகம் கூடி, ஒரு துறையில் பெயர் கிடைத்து, அதே கிளையன்ட் திரும்ப வரும்போதுதான் இந்தக் கணக்கு மாறும். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்.

இடைத்தளங்களும் பங்கு எடுக்கும். ஃபைவர் 20 சதவிகிதம் பிடித்துக்கொள்கிறது. 1,000 ரூபாய் வேலைக்குக் கைக்கு வருவது 800. அப்வொர்க்கில் 2025 மே மாதத்துக்குப் பிந்தைய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவிகிதம் வரை. கிண்டில் ராயல்டி, மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும்.

இந்திய நிறுவனம் ஒன்று தொழில்முறைக் கட்டணமாக வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பொதுவாக 10 சதவிகிதம் டிடிஎஸ் பிடிக்கும். பான் எண் தராவிட்டால் 20 சதவிகிதம். ஆலைச் சம்பளத்தையும் சேர்த்து வருட வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்டி பற்றி ஆரம்பத்தில் கவலை வேண்டாம். வருடம் 20 லட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை.

எழுதியது யாருக்குச் சொந்தம்?

1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, எழுத்தின் முதல் உரிமையாளர் எழுதியவர். சம்பள ஊழியராக, அந்த வேலையின் பகுதியாக எழுதினால்தான் உரிமை முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்ஸராக எழுதும்போது எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுத்தால் ஒழிய உரிமை எழுதியவரிடமே இருக்கும். வாய்ப்பேச்சு செல்லாது.

மாற்றிக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சில நிறுவனங்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்' என்று ஒரு வரியைச் சேர்க்கின்றன. யூடியூப் ஸ்கிரிப்ட்டுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. தொடர்கதைக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டால், நாளை அது வெப் சீரிஸாக வரும்போது எழுதியவர் டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா?

தமிழில் எழுதிப் பெயர் வாங்கியவர்கள் பலரும் இந்தக் கேள்வியைத் தாண்டி வந்தவர்கள். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரப் பணியில் பங்கெடுத்துக்கொண்டே பத்திரிகைகளுக்குத் தொடர்களாக எழுதினார். அசோகமித்திரன் 1966ல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். மகத்தான புத்தகங்கள் கிடைத்தன, வருமானம் கிடைக்கவில்லை.

ஆலை வேலையை விட்டால் சம்பளம் மட்டும் போவதில்லை. மாதாமாதம் முதலாளி போடும் பிஎஃப் பங்கு நிற்கும். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கான இஎஸ்ஐ மருத்துவமும், குடும்பத்துக்கான சிகிச்சையும் போகும். வீட்டில் சர்க்கரை நோயாளி அம்மாவோ, கைக்குழந்தையோ இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

மாற்றாக ஏதாவது இருக்கிறதா என்றால், இப்போதுதான் தொடங்குகிறது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளர்களுக்கான நிதிக்கு இடைத்தள நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம் தர வேண்டும் என்கிறது அது. அந்த நிறுவனங்களின் வகைப் பட்டியலில் டாக்ஸி, உணவு டெலிவரியோடு 'உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவை'யும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023 இறுதியில் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. ஆனால் அதன் பேச்சு முழுக்க டெலிவரி, கேப் ஓட்டுபவர்களைச் சுற்றியே இருக்கிறது. எழுதுபவர்களைக் கணக்கில் எடுத்தவர் யாரும் இல்லை.

எங்கே ஆரம்பிப்பது?

லேப்டாப் வாங்கக் கடன் எடுக்க வேண்டியதில்லை. செல்லினம் போன்ற செயலிகளால் தமிழ் போனில் ஏறி இருபது வருடம் ஆகிவிட்டது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் பழக்கத்தை விட்டு தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினால், கை பழகிய பிறகு வேகம் நன்றாகவே கூடும்.

தனக்குத் தெரிந்த ஒரே துறையில் நான்கைந்து மாதிரிக் கட்டுரைகளோ ஸ்கிரிப்ட்டுகளோ எழுதி, யாரும் திறந்து பார்க்கும்படி ஒரே இணைப்பில் வைக்க வேண்டும். கிளையன்ட் 'சாம்பிள்' கேட்டால் இதைக் கொடுக்கலாம். இலவசமாக ஐந்து கட்டுரை எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடலாம். அந்த ஐந்தும் அப்படியே வெளியாகி, ஆள் காணாமல் போவது அடிக்கடி நடப்பது. புதிய கிளையன்ட்டிடம் பாதிப் பணம் முன்கூட்டியே கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எத்தனை வார்த்தை, எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள் பணம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாறி மாறி வரும் ஷிஃப்ட்தான் இங்கே இருப்பவர்களின் பெரிய தடை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் ரூமுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் தூக்கம் கெடும். மறுநாள் மெஷின் முன்னால் அது ஆபத்து. அந்த வாரத்தில் புது வேலை எடுப்பதில்லை என்று கிளையன்ட்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்து மாலைகளுக்கு டெலிவரி தேதி வைத்துக்கொள்ளலாம்.